நூற்றுப் பதினெட்டாம் தட்டு

தலைமுழுகிவிட்ட மகளை எந்தத் தகப்பனாவது தேடிக்கொண்டு வருவானா? சென்னியப்பன் வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே பெண்டாட்டியிடம், "கவர்மெண்டு நோட்டீசு வந்துருச்சு, அதுக்கோசரம் போறோம். வேற ஒண்ணுமில்ல," என்று நாலு தரம் சொல்லியாயிற்று. மரகதமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நாலு தரமும் "ஆமாங்" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. மூன்று வருஷமாகவே அந்த வீட்டில் பேச்சு என்றால் சோறு, தண்ணீர், கரண்டு பில், அவ்வளவுதான்.

வந்து இறங்கிய இடம் கொப்பரை ஏலம் நடக்கிற கிடங்கு. தேங்காய் மணத்துக்கு மேல் கரிநாற்றம் ஏறிக் கிடந்தது. பதினாறு நாளைக்கு முன்னால், அங்கிருந்து நாலு மைலில் இருந்த நூல் மில்லில் பஞ்சுக் குடோன் பற்றிக்கொண்டது. பஞ்சில் பிடித்த நெருப்பைக் கேட்க வேண்டுமா? கூரை சரிந்து, மூன்று பகல் இரண்டு ராத்திரி எரிந்து அணைந்தபோது, உள்ளே அகப்பட்ட நாற்பத்தேழு பெண்பிள்ளைகளில் இவள்தான் இன்னார் என்று சொல்ல ஒருத்தியும் மிஞ்சவில்லை. எலும்பு சுண்ணாம்பாகிவிட்டது, டெஸ்ட் எடுக்கவும் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மிஞ்சியதெல்லாம் இரும்பும் எவர்சில்வரும் வெள்ளியும்தான். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துச் சாம்பலையும் அதில் கிடந்த சாமான்களையும் ஒரு தட்டில் அள்ளி, தட்டுக்கு ஒரு எண் ஒட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளைக் கிடங்கில் அடுக்கியிருந்தார்கள்.

முதல் மூன்று நாள் ஜனங்களை நேரே விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அது பெரிய கூத்தாகப் போயிற்று. ஒரே வளையலை ஏழு குடும்பங்கள் "எங்க புள்ளையுது" என்று கட்டிக்கொண்டு அழுதன. யாரும் பொய் சொல்லவில்லை, பாவம். வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குப் போவது என்ற தவிப்பில் கண்ணுக்கு எல்லாமே தன் பிள்ளையுடையதாகத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் அந்த மிஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். முப்பத்தொன்பது பேரை அது அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டது. பாக்கி எட்டுப் பேர். இன்று கடைசி நாள். யாரும் கேட்காத தட்டுகளை நாளைக் காலையில் ஒரே குழியில் கொட்டி மூடிவிடச் சொல்லி உத்தரவு.

அந்த எட்டில் ஒருத்தி தாரணி, இவர்களுடைய ஒரே மகள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து பந்தல் நிரம்பி உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றப் போகிற நேரம். பெண் எழுந்து நின்று, "எனக்கு இவரு வேண்டாங்க. முன்னாலயே நூறு தடவ சொன்னேன், ஆரும் காதுல வாங்கல," என்றது. கழுத்தில் இருந்ததையும் கையில் இருந்ததையும் காலில் இருந்த கொலுசையும் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, கட்டின புடவையோடு நடந்துவிட்டது. சென்னியப்பனுக்கு வந்த ஆத்திரத்தில் கிணற்றடிக்குப் போனார். நாலு குடம் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, "இன்னையோட எனக்குப் புள்ள இல்ல," என்றார், ஊர் கேட்க. மரகதம் சும்மா இருந்தாளா? "இனி அவ பேர இந்த ஊட்ல ஆராவது எடுத்தா நா இந்தக் கெணத்துலயே உழுந்துருவேன்," என்று அவளும் ஒரு கூப்பாடு போட்டாள். வீம்பில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்களில்லை.

ஆனால் வீம்பு வேறு, வயிறு வேறு. அவள் போன எட்டாம் மாதம் சென்னியப்பன் தறி மிஷினுக்கு ஸ்பேர் வாங்க என்று சொல்லிக் கிளம்பினவர், திருப்பூர் போகாமல், மகள் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்ட இந்த மில்லின் கேட்டில் வந்து நின்றார். மகள் ஓடிவந்து எதிரில் நின்றாள். இரண்டு பேரும் பேசவில்லை, அழுதார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் தறிக்கு ஏதாவது ஒரு ஸ்பேர் கெட்டுப்போகத் தொடங்கியது. சனிக்கிழமை அவளுக்கு லீவு. டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு வடை தின்பார்கள், அவ்வளவுதான். "அம்மாளுக்குத் தெரிஞ்சா உசுர உட்ருவா சாமி, சொல்லீராத," என்பார் ஒவ்வொரு தடவையும். "சொல்லமாட்டேன்பா," என்பாள்.

இரண்டாம் தடவையே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச். எவர்சில்வர் செயின், அதன் கொக்கி அறுந்துபோன இடத்தில் தறிக்கம்பியை முறுக்கி அவரே கைவேலை செய்தது. ஷிப்டுக்கு நேரம் தெரியவேண்டும் என்று அவள் அதைக் கழற்றுவதே இல்லை. வீட்டில் வாட்ச் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லி மரகதத்திடம் ஒரு வாரம் வசவு வாங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று அப்போது அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"ஐயா, வாங்க. அம்மா முகம் கழுவிட்டு வரட்டும்," என்று மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த பெண் கூப்பிட்டாள். பெனிட்டா என்று பெயர். தாரணி வயதுதான் இருக்கும். ஒரு வாரமாக அழுகிறவர்களையே பார்த்துப் பார்த்து அவளுக்கும் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. மேசைமேல் ஒரு தொப்பி, அதில் கொத்தாக ஒயர்கள், எதிரில் ஒரு திரை.

"ஏனம்மிணி, தலைக்கு ஷாக் குடுப்பீங்ளா?"

"ஐயோ இல்லைங்கய்யா. உங்க தலைக்குள்ள இது எதையும் அனுப்பாது. உள்ள நடக்குறதக் கேட்டுக்கும், அவ்வளவுதான். இதோட மூளைய நம்ம மூளை மாதிரியே கட்டியிருக்காங்க. நம்ம தலைக்குள்ள நரம்பு ஒண்ணையொண்ணு சுண்டிவிட்டுக்கிட்டே இருக்கும்ல, அதே மாதிரி இதுக்குள்ளயும் கோடிக்கணக்குல. மொதல்ல இத மில்லுக்குன்னுதான் செஞ்சாங்க. பஞ்சுல ஒரு தலைமுடி, ஒரு பிளாஸ்டிக் நூல் கலந்திருந்தாக்கூடக் கண்டுபிடிச்சு ஊதித் தள்ளிடும்."

"தெரியுமுங். இந்த மில்லுலயும் இருந்துதுங்," என்று சொல்லிவிட்டு, தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்று சென்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை.

"தட்டுல இருந்த ஆறாயிரம் சாமானையும் இது அரை நாள்ல பிரிச்சிருச்சு. கரிக்கட்டையா இருக்குறதப் பாத்து இது சாவி, இது டிபன் பாக்ஸ் மூடி, இது சேப்டி பின்னுன்னு."

"அப்பறம் எங்கள எதுக்குங் கூப்பிட்டீங்க?"

"இது வளையல்னு அதுக்குத் தெரியும். யாரு கை வளையல்னு தெரியாதுல்ல? அது உங்களுக்குத்தான் தெரியும்." பெனிட்டா தொப்பியைக் கையில் எடுத்தாள். "படம் ஓடும், விநாடிக்கு அஞ்சு. நீங்க வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெரிஞ்ச சாமான் வந்தா, தெரியும்னு நீங்க நெனைக்குறதுக்கு முன்னாடியே உங்க மூளை துள்ளிரும். அந்தத் துள்ளல இது பிடிச்சு வெச்சுக்கும்."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நம் ஜனங்கள் என்றைக்கோ சொல்லிவைத்ததைத்தான் இன்றைக்கு ஒயர் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். சென்னியப்பனுக்கு அது உடனே புரிந்தது.

"மனச வேற பக்கம் வெச்சுட்டா?"

"வெச்சுப் பாத்தவங்க உண்டு. என் பிள்ளை சாகலைன்னு ஒரு அம்மா அடிச்சுச் சொன்னாங்க. அவங்க மூளை மூணு தரம் துள்ளுச்சு. வாய் சொல்றத நாங்க எழுதிக்கிறதே இல்லைங்கய்யா."

"ஒருத்தரு உக்காந்தாப் போதுமுங்களா?"

"போதாது. ரெண்டு பேரு மூளையும் தனித்தனியா ஒரே சாமானுக்குத் துள்ளணும். ஒருத்தருக்கு மட்டும் துள்ளினா, அதே மாதிரி வேற எங்கயோ பாத்ததா இருக்கும்னு தள்ளிருவாங்க. வளையல் சண்டைக்கு அப்புறம் வந்த ரூல்."

சென்னியப்பன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கணக்கு அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மகள் கட்டின புடவையோடு போனவள். அங்கே அவள் வாங்கிச் சேர்த்த எதுவும் மரகதத்துக்குத் தெரியாது. அவருக்கும் மரகதத்துக்கும் சேர்ந்தாற்போல் தெரிந்த சாமான் உலகத்தில் ஒன்றுதான். மரகதத்தின் அப்பன் போட்ட வாட்ச். தாரணியைக் குழிக்குப் போகாமல் தடுக்கக்கூடியது அது ஒன்றுதான். அது திரையில் வந்தால், இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தான் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்ததும் பெண்டாட்டிக்குத் தெரிந்துபோகும். பெற்றவளுக்குச் சாவுச் செய்தியையும் இந்தத் துரோகத்தையும் ஒரே கையால் கொடுக்க வேண்டும்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை யாரோ பெற்ற பெண்ணிடம் சொன்னார். சனிக்கிழமைகள், வடை, வாட்ச் எல்லாவற்றையும் தணிந்த குரலில் கொட்டிவிட்டு, "அந்தப் படத்த மட்டும் அவளுக்குக் காட்டாம உட முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"காட்டலைன்னா ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும்?"

"செரி, காட்டுங். என்ன சாமான்னு முடிவுல சொல்லாம உட்ருங்."

"கையெழுத்து வாங்கணுமேய்யா." பெனிட்டா தொப்பியை மேசைமேல் வைத்தாள். "அம்மா வந்ததும் நீங்களே சொல்லிருங்க. மிஷின் சொல்லித் தெரியுறத விட நீங்க சொல்லித் தெரிஞ்சா நல்லது."

"சொல்லீர்றனுங்," என்றார்.

மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பதினாறு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அவர் பார்க்கவில்லை. டி.வி.யில் மில் எரிவதைக் காட்டினபோதுகூட எழுந்துபோய் வேறு சேனலை வைத்தாள். என்ன கல் நெஞ்சு இவளுக்கு என்று அன்று ராத்திரி முழுக்க அவருக்கு ஆறவே இல்லை.

"மரகதம்..."

"என்னுங்?"

வாய் திறந்தது. உள்ளே இருந்தது மட்டும் வரவில்லை. "தண்ணி குடிச்சயா?" என்றார்.

"குடிச்சனுங்."

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மரகதத்தை நாற்காலியில் உட்கார வைத்து, கொண்டையை அவிழ்த்து, தொப்பியை மாட்டினாள். சென்னியப்பன் பின்னால் நின்றார். பேசக்கூடாது, இருமக்கூடாது என்று சொல்லியிருந்தாள்.

படங்கள் ஓடின. கறுப்பாக, கோணலாக, ஒட்டிக்கொண்டு, பாதி உருகி ஏதேதோ வந்து வந்து போயிற்று. இத்தனை சாவிகளா, இத்தனை சேப்டி பின்களா என்று இருந்தது. எதையும் முழுசாகப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இருந்தாலும் அது வந்தபோது சென்னியப்பன் பார்த்துவிட்டார். கண்ணாடி வெடித்துப்போன வாட்ச், கரி பிடித்த செயின், முறுக்கின கம்பி. வந்தது தெரியுமுன் போய்விட்டது. அவர் கையைக் கடித்துக்கொண்டார். மரகதத்தின் பிடரியைப் பார்த்தார். அது அசையவில்லை. ஒவ்வொரு சாமானும் மூன்று தரம் வரும் என்று சொல்லியிருந்தாள். மற்ற இரண்டு தரமும் வந்தது. மரகதம் அசையவில்லை.

தொப்பியைக் கழற்றியதும் எழுந்து கொண்டையைப் போட்டுக்கொண்டாள். "ஒண்ணுந் தெரியிலீங். எல்லாங் கரிக்கட்டையாத்தான் இருக்குது," என்றாள்.

சென்னியப்பனுக்கு அப்பாடா என்று இருந்தது. சீ, நானும் ஒரு மனுசனா என்று அடுத்த கணமே இருந்தது. பெற்ற பிள்ளை சாம்பலாகக் கிடக்கிறாள். பெண்டாட்டி கண்டுபிடிக்கவில்லை என்று சந்தோஷமா? அந்த ஒரு கணத்துக்காக அவர் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

"அம்மாவோட ரிசல்ட்ட இப்பச் சொல்ல மாட்டேன். நீங்க உக்காருங்கய்யா."

உட்கார்ந்தார். தொப்பி குளிர்ச்சியாக இருந்தது. படம் ஓடத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே இருந்தால் போதும். மூளை துள்ளாது, வீட்டில் எதுவும் மாறாது, மரகதம் கிணற்றைத் தேட மாட்டாள். தாரணி மட்டும் நாளைக்குக் குழிக்குப் போவாள், யார் யார் சாம்பலோடோ கலந்து.

"ஐயா, கண்ணத் திறங்க," என்றாள் பெனிட்டா மெதுவாக. "நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கட்டுமா?"

திறந்தார். நெருப்புப் பிடித்தது சனிக்கிழமை, லீவுதானே, அவள் உள்ளே இருந்திருக்கவே மாட்டாள் என்று பதினாறு நாளாக ஒரு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். யாராவது சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பாள், போன்தான் தொலைந்திருக்கும், அந்த வாட்சைக்கூட யாருக்காவது கொடுத்திருப்பாள். வாட்ச் வந்தது. உள்ளங்கால் வரைக்கும் ஆடியது. மிஷின் எதற்கு, எதிரில் நின்ற யாருக்கும் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் வந்த படங்களை அவர் அழுதுகொண்டே பார்த்தார்.

முடிந்தது. பெனிட்டா திரையைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி சுருங்கியது. "ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது," என்றாள். "தட்டு நூத்திப் பதினெட்டு."

திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். வாட்ச் நின்றது. ஓடாமல், பெரிதாக.

சென்னியப்பன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "மரகதம், அது உங்கப்பன் போட்ட வாட்ச்சுதான். நா பஸ்ஸுல தொலைக்கல. புள்ளைக்குக் குடுத்தேன். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. சனிக்கெழம சனிக்கெழம நா ஸ்பேரு வாங்கப் போகல. அவளத்தான்..."

"தெரியுமுங்," என்றாள் மரகதம்.

அவர் காதில் விழுந்தது, ஏறவில்லை. பெனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, இன்னொரு சாமானும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது. அதே தட்டுதான். அம்மாவுக்கு வாட்ச்ச விட இதுக்குத்தான் அதிகமாத் துள்ளியிருக்கு."

கொலுசு. ஒரு பக்கம் உருகி உருண்டை கட்டியிருந்தது. மறுபக்கம் மூன்று சலங்கை மட்டும் பிழைத்திருந்தது.

சென்னியப்பன் விழித்தார். "இது எப்படிப் புள்ள உனக்குத் தெரியும்? ஊட்லருந்த கொலுசத்தான் பாயில கழட்டி வெச்சுட்டுப் போனாளே. இது அவ மில்லுக்கு வந்தப்பறம் போட்டது. கூட வேல செய்யற புள்ள குடுத்துதுன்னு..."

"அப்படியா சொன்னா?" மரகதத்துக்கு உதடு கோணியது. "நாந்தானுங் குடுத்தேன். வெள்ளகோயில் சந்தைல வாங்குனது. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நா என்ன கோயிலுக்கா போயிட்டு இருந்தேன்?"

"அவளுக்கு ரெண்டு மணி ஷிப்டு. கேட்டு வாசல்ல அரை மணி நேரம் பாப்பேன். சோறு கட்டிக் கொண்டுபோவேன், நின்னுட்டே திம்பா. நா போன ரெண்டாந் தரமே உங்க வாட்ச்ச அவ கையில பாத்துட்டேன். எங்கப்பன் போட்டது எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சுமா ஏம் புள்ள சொல்லல?" சென்னியப்பனுக்குக் குரல் உடைந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்துருப்பனே! கெணத்துல உழுந்துருவேன்னு நீதான..."

"நீங்க கொடங் கொடமாத் தண்ணி ஊத்துனீங்க, நானும் ஒரு வாய்ப்பேச்சுப் பேசுனேன். தலமுழுகுனவரு நீங்க. நீங்களா வாயத் தொறந்து, 'போயிப் புள்ளையக் கூட்டியாரலாம் வா'ன்னு சொல்லோணும். நானா ஆரம்பிச்சா உங்க கவுரதை என்னத்துக்காவறது? ஒவ்வொரு சனிக்கெழமையும் நீங்க திரும்பி வருவீங்க. காப்பி வெச்சுக் குடுத்துட்டு உங்க வாயவே பாத்துட்டு நிப்பேன். இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "காப்பில சக்கர பத்தலைன்னு சொல்லுவீங்க."

இரண்டு பேருக்கும் தெரிந்த ரகசியத்தை இரண்டு வருஷம் மூடி மூடி வைத்து, நடுவில் ஒரு பிள்ளையை டீக்கடைக்கும் கேட்டுக்கும் அலைய விட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் இவரிடம் அவளைச் சொல்லாமல், அவளிடம் இவரைச் சொல்லாமல், இரண்டு பேர் வாக்கையும் காப்பாற்றிக்கொண்டு பஞ்சுத் தூசியில் நின்றிருக்கிறாள். யாரை நோவது? மூளையைப் போலவே மிஷினைக் கட்டிவிட்டார்கள், நல்லது; வாயைத் திறக்க வைக்கத்தான் ஒன்றும் கட்டவில்லை. பெனிட்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

தாள் வந்தது. சென்னியப்பன் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். மரகதம் பேனாவை வாங்கிக்கொண்டு போடாமல் நின்றாள்.

"மில்லு எரிஞ்ச அன்னைக்குச் சனிக்கெழம, எங்கண்ணன் பேத்தி காதுகுத்துக்கு உங்கள வம்படியா இழுத்துட்டுப் போனேனே. எதுக்குன்னு நெனச்சீங்க?"

"உங்கண்ணன் வெசனப்படுவாருன்னு சொன்ன."

"எங்கண்ணனுக்கு என்ன? உங்க வாயத் தொறக்க வெக்கலாம்னு பாத்தேன். 'எனக்கு வேல இருக்குது, வரல'ன்னு நீங்க மொரண்டு பண்ணுவீங்க, நா உட மாட்டேன், கடசியில 'புள்ளையப் பாக்கப் போகோணும்டி'ன்னு கத்தீருவீங்கன்னு நெனச்சேன். நீங்க சட்டையப் போட்டுட்டுச் செரி வா போலாம்னுட்டீங்க."

சென்னியப்பன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? "மண்டபத்துக்குப் பின்னால, கை கழுவற எடத்துல நின்னு அவளுக்குப் போன் பண்ணுனேன் மரகதம். இன்னைக்கு வர முடியாது சாமி, அடுத்த வாரம் வாரேன்னு சொன்னேன். செரிப்பா, பரவால்லைன்னா. அவளுக்கு லீவுதான? உள்ள ஏன் போனாள்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல."

"அடுத்த போன் எனக்கு வந்துச்சுங்," என்றாள் மரகதம்.

"எப்ப?"

"நீங்க கை கழுவீட்டு வந்து ஆம்பளைக பந்தியில உக்காந்தீங்களே, அப்ப. 'அப்பாவால வர முடியலியாமா, ஒருத்தியே ரூம்ல உக்காந்துருக்கேன், நீயாச்சும் வாரியாம்மா'ன்னு கேட்டா. பக்கத்துல எங்கண்ணி இருந்தா. ஆரு போன்லன்னு கேட்டுட்டா என்ன சொல்றது? முடியாது கண்ணுன்னு மெதுவாச் சொன்னேன். 'செரிம்மா, ஆள் பத்தலைன்னு சூப்பர்வைசர் கூப்பிட்டுட்டே இருக்கறாரு, சும்மா இருக்கறதுக்கு நா ஷிப்டுக்கே போறேன்'னா."

பேனா முனையைத் தாளில் ஊன்றியபடியே நின்றாள். தாளில் மையாகக் கொட்டிவிடும் என்று பெனிட்டா கையை நீட்டினாள். மரகதம் கொடுக்கவில்லை.

"போ சாமின்னேன்," என்றாள். "போன வெச்சுட்டு, எலையில ஊத்துன பாயசத்த வழிச்சுக் குடிச்சேனுங்."